கயிறும் கற்களும் பூக்களும்: சிறுவர் மனவடுவுக்கான ‘கிட்நெட்’ சிகிச்சை பற்றிய மதிப்புரை

சிறுவர்களின் மனவடுவை ஆற்றுவதற்கென்று எமது பிரதேசங்களுக்கு வந்து சேர்ந்த சிகிச்சை முறைகள் பல. அவற்றில் பெரும்பாலானவை வேறெங்கோ வேறு விதமாக வளர்ந்த பிள்ளைகளிடம் பரிசோதிக்கப்பட்டு, இங்கே கைநூலாகவும் இரண்டு நாள் பயிற்சிப் பட்டறையாகவும் மட்டும் வந்தவை. ‘கிட்நெட்’ (KIDNET) என்று சுருக்கமாக அழைக்கப்படுவது, ஒருவரைத் தன் வாழ்க்கையைக் கதையாகச் சொல்ல வைத்து மனவடுவை ஆற்றும் எடுத்துரைப்புச் சிகிச்சையின் சிறுவர் வடிவம்; அது அவற்றிலிருந்து வேறுபட்டது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கையின் வடகிழக்கில் இருந்த முகாமொன்றிலேயே, உள்ளூர் உளவளத்துணையாளர்களின் கையால் அது பிள்ளைகளுக்கு வழங்கப்பட்டு, அதன் பலன் அளந்து பார்க்கப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளுடன் உளவளத்துணையில் ஈடுபட்டிருக்கும் நான் இந்த முறையைப் பயன்படுத்தி வருகிறேன். இதைக் கற்க விரும்பும் ஆசிரியர்களுக்கும், தம் பிள்ளைக்கு இந்தச் சிகிச்சையைப் பெறலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கும் உதவும் என்பதனாலேயே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

இந்தச் சிகிச்சையை விளங்கிக்கொள்ள, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜேர்மானிய உளவியலாளர் பிராங்க் நொய்னரின் ஆய்வுப் பயணத்தைச் சற்றுப் பின்தொடர்வது நல்லது. கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் மாகி ஷௌவர், தோமஸ் எல்பேர்ட் ஆகியோருடன் சேர்ந்து பணியாற்றிய அவர், மசிடோனியாவில் இருந்த முகாமொன்றில் கொசோவோ அகதி ஒருவருக்கு இந்த முறையில் சிகிச்சை அளித்த அனுபவத்தை 2002 இல் வெளியிட்டார். மருத்துவமனையும் இல்லாத, அடுத்த மாதம் எங்கே இருப்போம் என்ற நிச்சயமும் இல்லாத மனிதருக்கு என்ன செய்ய முடியும் என்ற கேள்வியே அந்தப் பணியின் அடித்தளம். 2004 இல் வெளியான அடுத்த ஆய்வு உகண்டாவின் இம்வேப்பி குடியேற்றத்தில் 43 சூடானிய அகதிகளிடம் நடத்தப்பட்டது. எடுத்துரைப்புச் சிகிச்சையில் நான்கு அமர்வுகள் பெற்றவர்களில் ஓராண்டின் பின்னரும் மனவடு நோய் (PTSD) நீடித்தவர்கள் 29 சதவீதத்தினர் மட்டுமே. ஆதரவு உளவளத்துணை மட்டும் பெற்றவர்களில் 79 சதவீதத்தினருக்கும், நோயைப் பற்றிய விளக்கம் மட்டும் பெற்றவர்களில் 80 சதவீதத்தினருக்கும் அந்நோய் நீடித்திருந்தது.

அதே ஆண்டில் அவரது குழு வெளியிட்ட இன்னொரு ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. உகண்டாவும் சூடானும் சந்திக்கும் மேற்கு நைல் பிரதேசத்தில் 3,000 இற்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய அந்தக் கணக்கெடுப்பில், மூன்றோ அதற்குக் குறைவாகவோ கொடிய நிகழ்வுகளை அனுபவித்தவர்களில் 23 சதவீதத்தினருக்கு மனவடு நோய் இருந்தது. இருபத்தெட்டோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களில் அந்த நோய் இல்லாத ஒருவர்கூட இல்லை. பெரும் துயரைத் தாங்கிக்கொள்ள முடியாமற் போனவர்களைப் பலவீனமானவர்கள் என்று சொல்லும் வழக்கம் எம்மிடையே இன்னும் இருக்கிறது. பாரம் ஏறிக்கொண்டே போனால் எந்த மனமும் ஒரு கட்டத்தில் முறியும் என்பதைக் காட்டிய ஆய்வு அது. சிகிச்சையின் வடிவமும் இதனோடு பொருந்துகிறது. பிள்ளையின் ஒரு நிகழ்வை மட்டும் பிடித்துக்கொண்டு பேசினாற் போதாது, முழு வாழ்க்கையையும் வரிசைப்படுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே அதன் மையக் கருத்து.

கொடிய அனுபவமொன்றின் நினைவு இரண்டு பகுதிகளாகப் பதிகிறது என்று இந்தக் குழுவினர் விளக்குகிறார்கள். சத்தம், மணம், நெஞ்சுப் படபடப்பு, அந்தக் கணத்தின் பயம் ஆகியவை சேர்ந்தது சூடான நினைவு. அது எப்போது, எங்கே, எதற்குப் பிறகு நடந்தது என்ற விவரம் குளிர்ந்த நினைவு. மனவடுவுக்குள்ளான பிள்ளையிடம் முதலாவது கொதித்துக்கொண்டிருக்கும், இரண்டாவது சிதறிக் கிடக்கும். ஆகவே ஏதோவொரு சத்தம் கேட்டதும், முடிந்துபோன சம்பவம் இந்த நிமிடமே நடப்பது போல உடல் முழுவதும் எழுந்து நிற்கிறது. சூட்டையும் குளிரையும் மறுபடி இணைத்து, அந்தச் சம்பவத்துக்கு ஒரு திகதியும் ஓர் இடமும் ஒரு முடிவும் கொடுப்பதே சிகிச்சையாளரின் வேலை.

முதல் அமர்வில் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இந்த விளக்கம் எளிமையாகச் சொல்லப்படுகிறது. அதன் பின்னர் வாழ்க்கைக் கோடு போடப்படுகிறது. இந்தச் சிகிச்சையின் மிகச் சிறந்த பகுதி எது என்று கேட்டால் நான் தயங்காமல் இதையே சொல்வேன். நிலத்தில் ஒரு தும்புக் கயிற்றை விரிக்கிறோம். கயிற்றின் ஒரு முனை பிறப்பு. மறு முனை விரிக்கப்படாமல் சுருளாகவே விடப்படுகிறது, ஏனெனில் அது இனிமேல் வரவிருக்கும் காலம். நல்ல நிகழ்வுகளுக்குப் பூக்களையும் கெட்ட நிகழ்வுகளுக்குக் கற்களையும், சிலவேளை இறந்தவர்களுக்கு மெழுகுதிரிகளையும் பிள்ளை தானே தெரிவு செய்து, வயது வரிசைப்படி கயிற்றின் மீது வைக்கிறது. இந்தக் கட்டத்தில் எதையும் விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை, பெயர் மட்டும் போதும். செவ்வரத்தம் பூவும் முற்றத்துக் கல்லும் எந்தப் பாடசாலையிலும் கிடைக்கும். செலவு என்று சொல்ல எதுவும் இல்லை. பேசத் தெரியாமல் வாய் மூடியிருக்கும் பிள்ளைக்கும் கைக்கு வேலை கொடுத்தால் வழி திறக்கிறது என்பதை இந்தச் சில பொருட்களைப் போல எடுத்துக்காட்டிய வேறொன்றை நான் அறியேன்.

ஒரு சிறுவனின் கயிற்றை இங்கே சொல்ல வேண்டும். யாரென்று அறியப்படாதவாறு விவரங்களை மாற்றியிருக்கிறேன். தந்தையின் மோட்டார் சைக்கிள் விபத்துக்குள்ளானபோது பின் இருக்கையில் இருந்தவன் என்பதால், அந்த அதிர்ச்சியே காரணம் என்று எண்ணி அவனை அனுப்பியிருந்தார்கள். வகுப்பில் கவனமின்மை, இரவில் அலறல், வாகனச் சத்தத்துக்கு நடுக்கம். கயிற்றில் விபத்துக்காக அவன் வைத்தது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கூழாங்கல். அதற்கு முன்னால், வயது ஐந்தில் ஒன்று, ஆறில் ஒன்று, ஏழில் இரண்டு என்று அவன் வைத்த கற்கள் எல்லாம் அதைவிடப் பெரியவை. ஏழு வயதில் நடந்த ஒன்றுக்காக அறையை விட்டு வெளியே போய் ஓர் உடைந்த செங்கல்லைத் தூக்கி வந்தான். அவை எல்லாம் தந்தை குடித்துவிட்டு வந்த இரவுகள். விபத்தைப் பற்றி மட்டும் கேட்டுக் குறிப்பெழுதும் ஒரு முறையில் அந்தச் செங்கல் வெளியே முற்றத்திலேயே கிடந்திருக்கும்.

அடுத்த அமர்வுகளில் பிள்ளை பிறப்பிலிருந்து தொடங்கிக் கதை சொல்கிறது. பூக்களில் ஒருமுறை நின்று, அந்த மகிழ்ச்சியைச் சொல்ல விடுகிறோம். கற்களில் நீண்ட நேரம் நிற்கிறோம். ஒவ்வொரு கல்லிலும் பிள்ளை கண்டதையும் கேட்டதையும் உடலில் உணர்ந்ததையும் அப்போது நினைத்ததையும் மெதுவாகக் கேட்டு, அதே நேரம் ‘இப்போது நீ இந்த அறையில் இருக்கிறாய், கதவு அங்கே இருக்கிறது’ என்று நிகழ்காலத்தையும் விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். படம் வரைந்தும் பொம்மைகளைக் கொண்டு நடித்துக் காட்டியும் சொல்லலாம். பயம் உச்சத்தில் இருக்கும்போது அமர்வை முடித்துவிடக் கூடாது என்பது கண்டிப்பான விதி. அது தணிந்து பிள்ளை பாதுகாப்பான ஒரு கட்டத்துக்கு வந்த பின்னரே கதையை நிறுத்த வேண்டும். இதனால் ஓர் அமர்வு ஒன்றரை மணித்தியாலத்துக்கும் மேலே செல்லக்கூடும். நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் இதைச் செய்து முடிக்க நினைப்பவர்கள் தொடங்காமலே இருப்பது பிள்ளைக்கு நல்லது. பாதியில் மணியடித்து அனுப்பப்படும் பிள்ளை வந்ததைவிட மோசமான நிலையிலேயே வகுப்புக்குத் திரும்பும்.

சொன்னவற்றைச் சிகிச்சையாளர் எழுதிவைத்து, அடுத்த அமர்வின் தொடக்கத்தில் வாசித்துக் காட்டுகிறார். பிள்ளை திருத்தம் சொல்கிறது. இந்தத் திருத்தங்கள் அற்பமானவை அல்ல. ‘நான் அழவில்லை, தங்கச்சிதான் அழுதவள்’ என்று ஒரு பிள்ளை திருத்தும்போது, அதுவரை புகை போலக் கலங்கிக் கிடந்த ஓர் இரவு முதன்முறையாக ஆட்களும் இடங்களும் உள்ள ஒரு நிகழ்வாக மாறுவதை நேரே காணலாம். கடைசி அமர்வில் முழுக் கதையும் வாசிக்கப்பட்டு, பிள்ளையும் சிகிச்சையாளரும் அதில் ஒப்பமிட, அது பிள்ளையிடமே கொடுக்கப்படுகிறது. சிலியில் இராணுவ ஆட்சிக் காலத்தில் தோன்றிய சாட்சியச் சிகிச்சையிலிருந்து வந்த மரபு இது. பெரியவர்கள் தனக்குச் செய்ததை ஒருவர் எழுதி, வாசித்து, உண்மையென்று கையெழுத்தும் வைத்தார் என்ற அனுபவம் ஒரு பிள்ளைக்குத் தரும் மதிப்பை நான் பெரிதாகவே கருதுகிறேன்.

இனி ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதைப் பார்க்க வேண்டும், ஏனெனில் இந்த முறையை விரும்புகிறவர்கள் சற்று மிகைப்படுத்திப் பேசுவதும் உண்டு. ஆழிப்பேரலைக்குப் பின் மூன்று நான்கு வாரங்களில் நொய்னரும் சகாக்களும் இலங்கையின் மூன்று கரையோரப் பகுதிகளில் 264 பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, பகுதிக்கேற்ப 14 முதல் 39 சதவீதம் வரையானோரிடம் மனவடு நோயின் அறிகுறிகள் காணப்பட்டன. அதே காலத்தில் கிளவுடியா கட்டானியின் தலைமையில் நடந்த, 2009 இல் வெளியான சிகிச்சை ஆய்வில் 8 முதல் 14 வயது வரையான 31 பிள்ளைகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குக் கிட்நெட் ஆறு அமர்வுகள், மற்றப் பிரிவினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு அமர்வுகள். ஆறு மாதங்களின் பின்னர் கிட்நெட் பெற்றவர்களில் 81 சதவீதத்தினரும், தியானமும் தளர்வும் பெற்றவர்களில் 71 சதவீதத்தினரும் நோயிலிருந்து விடுபட்டிருந்தனர்.

முதல் எண்ணை மட்டும் எடுத்துச் சொல்வது நேர்மையாகாது. 31 பேர் கொண்ட ஆய்வில் 81 இற்கும் 71 இற்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு முறை மற்றதைவிட மேலானது என்று நிறுவப் போதுமானதல்ல. சிகிச்சை எதுவும் பெறாத மூன்றாவது பிரிவு அங்கே இல்லாததால், பேரழிவுக்குப் பின் காலம் செல்லச் செல்லத் தானாகவே தேறியவர்கள் எத்தனை பேர் என்பதையும் பிரித்தறிய முடியாது. 2008 இல் வெளியான உகண்டாவின் நக்கிவாலே முகாம் ஆய்விலும் இதே போக்கைக் காணலாம். ருவாண்டா, சோமாலிய அகதிகள் 277 பேர் பங்குபற்றிய அந்த ஆய்வில், அகதிகளிலிருந்தே தெரிந்தெடுத்துப் பயிற்றப்பட்டவர்கள் சிகிச்சை அளித்தனர். எடுத்துரைப்புச் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 70 சதவீதத்தினரும், நெகிழ்வான மனவடு உளவளத்துணை பெற்றவர்களில் 65 சதவீதத்தினரும் தேறினர். கண்காணிப்பு மட்டும் பெற்றவர்களில் 37 சதவீதத்தினரே தேறினர். எடுத்துரைப்புச் சிகிச்சையை இடையில் கைவிட்டவர்கள் 4 சதவீதம், நெகிழ்வான உளவளத்துணையைக் கைவிட்டவர்கள் 21 சதவீதம் என்பது அந்த ஆய்வில் என்னைக் கவர்ந்த எண். துன்பத்தைப் பேசச் சொன்னால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு அது பதில் சொல்கிறது. ஜேர்மனியில் அகதிச் சிறுவர்கள் 26 பேரிடம் நடத்தப்பட்டு 2010 இல் வெளியான ஆய்வில், காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிடக் கிட்நெட் பெற்றவர்கள் தெளிவாகத் தேறினர், அந்த முன்னேற்றம் ஓராண்டின் பின்னரும் நிலைத்தது. வட உகண்டாவில் கடத்தப்பட்டுப் போருக்குள் தள்ளப்பட்ட இளையோர் 85 பேரிடம் நடந்த ஆய்வும் 2011 இல் சாதகமான முடிவையே தந்தது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, ஒழுங்காகக் கற்ற ஒருவர் ஒழுங்காக வழங்கும் எந்த உதவியும் கைவிடப்படுவதைவிட எவ்வளவோ மேல் என்பதும், பல கொடுமைகளைத் தாண்டி வந்த பிள்ளைக்கு எடுத்துரைப்பு முறை தகுந்த தெரிவு என்பதும் எனது முடிவு. மூச்சுப் பயிற்சியும் தளர்வும் எமக்குப் பழக்கமானவை. யாழ்ப்பாணத்தின் மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் இவற்றின் பயனையும், குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்துக் குணப்படுத்த வேண்டிய தேவையையும் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வந்திருக்கிறார்கள். கிட்நெட்டைக் கற்றுக்கொண்டு அவற்றைத் தூக்கி எறிந்தவர்களைக் கண்டிருக்கிறேன்; அதற்கு இலங்கையில் 31 பிள்ளைகளிடம் நடந்த அந்த ஆய்வில் எந்த நியாயமும் இல்லை.

எனது முக்கியமான ஆட்சேபம் வேறிடத்தில் இருக்கிறது. 2006 இல் வடகிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு, கட்டானியும் நொய்னரும் மற்றவர்களும் 2008 இல் வெளியிட்ட ஆய்வின்படி, போர் சார்ந்த நிகழ்வொன்றையேனும் அனுபவித்தவர்கள் 82.4 சதவீதம், வீட்டுக்குள் நிகழும் வன்முறையின் ஏதோவொரு வடிவத்தையேனும் அனுபவித்தவர்கள் 95.6 சதவீதம். மனவடு நோய் 30.4 சதவீதத்தினரிடமும் மனச்சோர்வு நோய் 19.6 சதவீதத்தினரிடமும் இருந்தன. தந்தையின் மதுப் பாவனையும் போரின் தாக்கமும் வீட்டு வன்முறையுடன் தொடர்புபட்டிருந்ததையும் அவர்கள் காட்டினார்கள். போரைத் தேடி வந்த உளவியலாளர்கள் வீட்டைக் கண்டுகொண்டார்கள்; கண்டதை மறைக்காமல் எழுதினார்கள். நொய்னரும் கட்டானியும் பின்னர் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு குடும்ப வன்முறையையும் சிறுவயதுத் துன்புறுத்தலையும் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள் என்பதில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அந்தக் கண்டுபிடிப்பின் முழுப் பாரத்தையும் ஆறு முதல் பத்து அமர்வுகள் கொண்ட ஒரு சிகிச்சையால் தாங்க முடியாது.

காரணம் எளிது. முடிந்துபோன ஆபத்தை முடிந்துபோனதாக மனம் ஏற்கச் செய்வதே கிட்நெட்டின் பலம். செல் விழுந்த நாள் முடிந்துவிட்டது, கடல் வந்த காலை முடிந்துவிட்டது என்று பிள்ளைக்குச் சொல்ல எமக்கு உரிமை இருக்கிறது. தந்தை குடித்துவிட்டு வரும் இரவு முடிந்துவிட்டது என்று சொல்ல அந்த உரிமை இல்லை, ஏனெனில் இன்றிரவும் அவர் வரக்கூடும். செங்கல்லைத் தூக்கி வந்த சிறுவனின் விடயத்தில் விபத்துக் கல்லைப் பேசித் தீர்க்க முடிந்தது; வாகனச் சத்தத்துக்கு இருந்த நடுக்கம் அமர்வுகள் முடியும்போது பெருமளவு தணிந்தது. மற்றக் கற்களுக்குத் தாயையும் அழைத்து, நன்னடத்தை உத்தியோகத்தரையும் சேர்த்து, தந்தையை மது மறுவாழ்வுக்கு அனுப்பும் வேலை நீண்டது. அந்த வேலையில் எதுவும் இந்தச் சிகிச்சையின் பெயரில் நடக்கவில்லை, ஆனால் அது இல்லாமல் சிகிச்சை அர்த்தப்பட்டிருக்காது. பயிற்சிப் பட்டறைகளில் கயிற்றுக்கும் கற்களுக்கும் செலவிடும் நேரத்தில் ஒரு பங்கையாவது, பிள்ளை இப்போதும் ஆபத்தில் இருக்கிறதென்று கயிறு காட்டினால் அடுத்த நாள் காலையில் யாரிடம் போக வேண்டும் என்பதற்குக் கட்டாயம் ஒதுக்க வேண்டும்.

இன்றைய மாணவர்களில் பெரும்பாலானோர் போர் முடிந்த 2009 இற்குப் பின் பிறந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. போர் அவர்களின் கயிற்றில் இல்லை, தாயின் கயிற்றில் இருக்கிறது. பிள்ளைக்கென்று தொடங்கிய வேலையில், தாய்க்கு வளர்ந்தோருக்கான எடுத்துரைப்புச் சிகிச்சையை முதலில் வழங்க வேண்டியிருந்த குடும்பங்கள் உண்டு. அதை ஏற்பாடு செய்யக்கூடிய சேவையையே பெற்றோர் தேடிப் பெற வேண்டும் என்பது எனது கருத்து. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் வீட்டில் இந்த முறை மேலும் இடறுகிறது. மெழுகுதிரி வைப்பதா, கல் வைப்பதா, எதுவும் வைக்காமல் விடுவதா என்று தாயும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே சிகிச்சையாளர் எதையும் தீர்மானிக்கக் கூடாது. அந்த இடத்தை வெறுமையாக விட்டுக் கதையைத் தொடர்வதே நான் பின்பற்றும் வழி.

எழுதிய ஆவணத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. கையெழுத்திட்ட சாட்சியம் என்பது உயர்ந்த எண்ணம்தான். வீட்டில் அடிப்பவரின் கையில் அது அகப்பட்டால் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். ஆவணம் யாரிடம், எங்கே இருக்கும் என்பதைக் கடைசி அமர்வுக்கு விடாமல் முதல் அமர்விலேயே பேசி முடிவெடுக்க வேண்டும். பிள்ளை பெரியவனாகும் வரை பூட்டிய அலுமாரியில் வைத்திருப்பதாகச் சொல்லும் சேவையை நான் நம்புவேன். பாடசாலைக் கோப்பில் சேர்ப்போம் என்று சொல்லும் சேவையிடம் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

இந்தச் சிகிச்சையைத் தேடும் பெற்றோர் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். வழங்குபவர் எத்தனை காலம் மேற்பார்வையின் கீழ்ப் பணியாற்றியவர், இப்போதும் அவருக்கு மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கிறாரா, ஓர் அமர்வுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவார், இடையில் பிள்ளை உறைந்துபோனால் என்ன செய்வார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ‘கதையை நிறுத்திவிடுவேன்’ என்பது போதுமான பதிலல்ல. பிள்ளையைக் கண் திறக்கச் சொல்லி, கைகால்களை இறுக்கி விடச் சொல்லி, குளிர்ந்த ஒன்றைக் கையில் கொடுத்து நிகழ்காலத்துக்குக் கொண்டுவரத் தெரிந்தவரே தகுதியானவர். தற்கொலை எண்ணம் உள்ள பிள்ளையும், தன்னைத்தானே காயப்படுத்தும் பிள்ளையும் முதலில் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டப்பட வேண்டும். ஆபத்து இப்போதே இருக்கிறதென்றால், எந்த அமர்வுக்கும் காத்திராமல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

இத்தனை வரையறைகளோடும், பல கொடிய நிகழ்வுகளைக் கடந்து இப்போது பாதுகாப்பான வீட்டில் இருக்கும் எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குக் கிட்நெட்டை நான் முழு மனதுடன் பரிந்துரைப்பேன். வீடு இன்னும் பாதுகாப்பாக இல்லாத பிள்ளைக்கு வாழ்க்கைக் கோட்டை மட்டும் போடுங்கள். கற்களைத் திறக்கும் அமர்வுகளை வீடு பாதுகாப்பான பின்னர் வைத்துக்கொள்ளலாம்.